அப்பாவுக்கு பிரஷர் இருந்ததா?

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் ஊரில் தூய்மைப் பணியாளர்களுக்காக ஒரு மருத்துவ முகாம் நடந்தது. படிவம் நிரப்ப ஆள் போதாததால் எங்களில் நான்கைந்து பேரையும் மேசை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு பேனா, ஒரு கட்டு தாள். வயது என்ன, புகையிலை உண்டா, தினமும் குடிப்பீர்களா, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது பிரஷர், சுகர், இதய நோய் இருந்ததா? பதிலுக்கு ஏற்ற எண்ணை எழுதிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 4-ஐத் தாண்டினால் அவரை முதலில் கவனிக்க வேண்டும்.

ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தார். உடற்பயிற்சிக் கேள்வியைப் படித்ததும் எங்களுக்கே கூச்சமாகிவிட்டது. விடியற்காலை நாலரைக்கு வண்டியைத் தள்ளத் தொடங்குகிற மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது? 'ஆம்' என்று நாங்களே டிக் அடித்தோம். எண் பூஜ்யம். அடுத்து, "அப்பாவுக்கு பிரஷர் இருந்ததா அண்ணே?" என்று கேட்டோம்.

"எங்கப்பாவுக்கு யாரு தம்பி பிரஷர் பாத்தா?" என்றார்.

படிவத்தில் அந்தப் பதிலுக்கு இடமில்லை. 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான். 'இல்லை'யில் டிக் விழுந்தது. அதற்கும் பூஜ்யம். அவருடைய அப்பா ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை என்பது பிறகு டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. நோயைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாதது, நோயே இல்லாததாகக் கணக்கில் ஏறிவிட்டது.

இந்தப் படிவத்தையோ, அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையும் பெண் சுகாதாரப் பணியாளர்களையோ குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்ப்பது பெரிய விஷயம். ஆனால் 'இந்த ஆண் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பான்' என்று எண்ணால் கணிக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று அன்றிரவு தேடத் தொடங்கினோம். தேடல் எங்களை முதலில் கொண்டுபோய் நிறுத்தியது ஆஸ்பத்திரி வாசலில் அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனி வாசலில்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அமெரிக்கா. வாரா வாரம் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து சில காசுகளை வாங்கிப் போவார். ஆள் இறந்தால் அடக்கச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்கும். ஏழைகளின் காப்பீடு இதுதான். கருப்பின மக்களும் பெருமளவில் இதில் சேர்ந்திருந்தார்கள். 1881-இல் புருடென்ஷியல் நிறுவனம் ஒரு முடிவை அறிவித்தது: கருப்பினத்தவர் அதே பிரீமியத்தைக் கட்ட வேண்டும், ஆனால் இறந்தால் வெள்ளையருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத்தான் கொடுப்போம். காரணம் கேட்டால், அவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்றார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜூலியஸ் சாப்பெல் என்கிற கருப்பினச் சட்டமன்ற உறுப்பினர் இதற்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். 1884-இல் அங்கே அது சட்டமானது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. இப்போது கம்பெனிகளுக்கு ஓர் ஆய்வாளர் தேவைப்பட்டார். இந்த வேறுபாடு பாகுபாடு அல்ல, இயற்கை என்று எண்களால் நிரூபித்துத் தரக்கூடிய ஆய்வாளர்.

அப்படிக் கிடைத்தவர் பிரெடரிக் ஹாஃப்மன். ஜெர்மனியில் பிறந்து 1884-இல் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். 1894-இல் புருடென்ஷியலின் புள்ளியியலாளர் ஆனார். 1896-இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் அவருடைய பெரிய நூலை வெளியிட்டது: அமெரிக்க நீக்ரோவின் இனக் கூறுகளும் போக்குகளும் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணைகள். காசநோய்ச் சாவு, குழந்தைச் சாவு, நுரையீரல் கொள்ளளவு, மார்புச் சுற்றளவு. முடிவு ஒன்றுதான்: கருப்பினத்தவர் அதிகம் சாவதற்கு அவர்கள் வாழும் சூழல் காரணமல்ல, அவர்களுடைய இரத்தமே காரணம், எனவே அந்த இனம் தானாகவே அழிந்துபோகும், எனவே காப்பீட்டுக்கு அவர்கள் லாயக்கில்லை. தான் வெளிநாட்டிலிருந்து வந்தவன், அதனால் எந்தப் பக்கச் சார்பும் இல்லாதவன் என்றும் அவர் காட்டிக்கொண்டார். நம் ஊரில் 'எனக்குச் சாதி பார்க்கத் தெரியாது' என்று ஆரம்பிப்பவர்கள் அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்பது நமக்குத் தெரியுமல்லவா, அதே ராகம்.

மாணவத் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஹாஃப்மன் எண்களைக் கற்பனையாக எழுதவில்லை. கருப்பினத்தவரின் இறப்பு விகிதம் உண்மையிலேயே அதிகமாகத்தான் இருந்தது. பொய் அந்த எண்ணில் இல்லை; எண்ணுக்கும் காரணத்துக்கும் நடுவே அவர் போட்ட பாலத்தில் இருந்தது.

அந்தப் பாலத்தை உடைத்தவர்கள் இருவர். ஒருவர் ஹோவர்டு பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கெல்லி மில்லர். 1897-இல் ஹாஃப்மனின் நூலை வரிவரியாகப் பிரித்து மறுப்பு எழுதினார். அமெரிக்க நீக்ரோ அகாதமி வெளியிட்ட முதல் வெளியீடே அதுதான். இன்னொருவர் டபிள்யூ.இ.பி. டூபாய்ஸ், அப்போது 30 வயது நிரம்பாத இளைஞர். அதே 1897-இல் அவர் எழுதிய மதிப்புரையில் கையாண்ட உத்தி எளிமையானது. மான்ட்ரியல், நேப்பிள்ஸ், பெல்ஃபாஸ்ட், மாட்ரிட் போன்ற நகரங்களின் இறப்பு விகிதங்களை எடுத்து வைத்தார். அங்கே வாழ்பவர்கள் வெள்ளையர்கள். அவர்களுடைய இறப்பு விகிதமும் அமெரிக்க நகரங்களின் கருப்பினத்தவருக்குச் சமமாக, சில இடங்களில் அதைவிட அதிகமாகவும் இருந்தது. அதிகச் சாவு என்பது இனம் அழிவதற்கு அடையாளமென்றால் அந்த ஊர் வெள்ளையர்களும் அழிய வேண்டுமே? அப்படி யாரும் சொல்லவில்லை. அந்த ஊர்களில் சாக்கடை சரியில்லை, வீடுகள் நெருக்கம் என்றுதான் சொன்னார்கள்.

டூபாய்ஸ் மறுப்போடு நிற்கவில்லை. பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாகப் போய் கேள்வி கேட்டு எழுதிய நூல் 1899-இல் வந்தது. கழிப்பறை எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, வாடகை எவ்வளவு, யார் என்ன வேலை செய்கிறார்கள், யார் எதனால் இறந்தார்கள். 1906-இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் கருப்பினத்தவரின் உடல்நலம் பற்றித் தனி ஆய்வே கொண்டுவந்தார். இடையில், 1899-இல், அவருடைய முதல் குழந்தை பர்கார்ட், இரண்டு வயதுகூட நிறையாத நிலையில், அட்லாண்டாவில் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தது. மற்றவர்களுக்கு வெறும் அட்டவணையாக இருந்தது அவருக்கு வீட்டுக்குள் நடந்தது. நம்மில் எத்தனை பேர் தம் வீட்டுச் சாவுகளிலிருந்து இந்த வேலைக்கு வந்தோம் என்று நினைத்துப் பார்த்தால், டூபாய்ஸை ஏன் நம் ஆள் என்று உணர்கிறோம் என்பது புரியும்.

கருப்பின மக்கள் கம்பெனிகளின் கதவு திறக்கும் வரை காத்திருக்கவுமில்லை. 1898-இல் வட கரோலினாவின் டர்ஹாமில் தங்களுக்கென ஒரு காப்பீட்டு நிறுவனத்தையே தொடங்கினார்கள். அதை நிறுவியவர்களில் முதன்மையானவர் ஜான் மெரிக் என்கிற முடிதிருத்துநர், அடிமையாகப் பிறந்தவர். அழிந்துபோவார்கள் என்று எழுதப்பட்ட மக்களை நம்பி நடத்திய அந்த நிறுவனம் நூறாண்டைத் தாண்டியது.

ஹாஃப்மனைப் பற்றி இன்னொரு செய்தி. பிற்காலத்தில் அவர் தூசு நிறைந்த தொழில்களைப் பற்றி ஆராய்ந்தார். கருங்கல் செதுக்கும் தொழிலாளிகள் ஏன் நுரையீரல் கெட்டுச் சாகிறார்கள் என்று எழுதினார். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏற்க மறுப்பதை 1918-லேயே பதிவு செய்தார். கல் உடைப்பவனின் நுரையீரலைக் கெடுப்பது அவன் இனமல்ல, தூசு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காற்று வராத ஓர் அறையில் எட்டுப் பேராகப் படுத்துக் கிடந்த கருப்பினத் தொழிலாளியிடம் வந்தபோது மட்டும் அந்த அறிவு வேலை செய்யவில்லை. எங்களுக்கு இதில்தான் அதிகக் கோபம். அறியாமையை மன்னிக்கலாம்.

அடுத்த கட்டத்தை வேகமாகக் கடந்துவிடுவோம், ஏனென்றால் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது. 1945 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300/190. அந்தக் காலத்தில் வயது ஏறினால் பிரஷரும் ஏறுவது இயல்பு என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள். 1948-இல் மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிறு நகரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருந்து பார்ப்பது. 1961-இல் வில்லியம் கேனலும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'ஆபத்துக் காரணி' என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது. உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை. இன்று நம் படிவத்தில் இருக்கும் கேள்விகளில் பாதி அங்கிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த நகரத்தில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர்கள். மற்ற இனத்தவரைத் தனிக் குழுவாகச் சேர்த்தது 1994-இல்தான்.

இனி லண்டன்.

வைட்ஹால் என்பது பிரிட்டன் அரசு அலுவலகங்கள் நிறைந்த தெரு, நம் கோட்டை மாதிரி. 1967 முதல் 1970 வரை அங்கே பணிபுரிந்த சுமார் 19,000 ஆண்களைக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். டொனால்டு ரீடும் ஜெஃப்ரி ரோஸும் தொடங்கிய ஆய்வு. எல்லோரும் 40 வயதைத் தாண்டியவர்கள். உயரம், எடை, இரத்த அழுத்தம், இ.சி.ஜி., ஊதிப் பார்க்கும் பரிசோதனை, இரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும், கூடவே ஒரு கேள்வித்தாள். பிறகு ஒரு காரியம் செய்தார்கள். நாட்டின் மையச் சுகாதாரப் பதிவேட்டில் இவர்கள் பெயர்களுக்கு அடையாளம் வைத்தார்கள். இவர்களில் யார் எப்போது இறந்தாலும் இறப்புச் சான்றிதழின் விவரம் ஆய்வாளர்களுக்கு வந்துசேரும். அவ்வளவுதான். மீதியைக் காலம் பார்த்துக்கொண்டது.

பெண்கள் இதில் இல்லை. இதய நோய் ஆண்களின் நோய் என்று அன்று நினைத்தார்கள். பெண்களைச் சேர்த்த இரண்டாவது வைட்ஹால் ஆய்வு 1985-இல்தான் தொடங்கியது. இந்தக் குறையை மறக்காமல் மேலே படிப்போம்.

எல்லோரிடமும் பதவி என்ன என்று கேட்டிருந்தார்கள். அதை வைத்து நான்கு அடுக்கு. உச்சியில் கொள்கை வகுக்கும் நிர்வாக அதிகாரிகள். அடுத்து தொழில்முறை வல்லுநர்களும் செயல் அலுவலர்களும். அதற்கும் கீழே எழுத்தர்கள். கடைசியில் தகவல் கொண்டுபோகிறவர்கள், கதவு திறக்கிறவர்கள். நம் மொழியில் சொன்னால் பியூனும் டவாலியும். அந்தக் காலத்துப் பொதுநம்பிக்கை என்னவென்றால், மாரடைப்பு பெரிய பதவிக்காரர்களின் நோய். பொறுப்பு அதிகம், மன அழுத்தம் அதிகம், பாவம் அதிகாரிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள் என்பது.

ஏழரை ஆண்டு கழித்துச் சாவுகளை எண்ணிப் பார்த்தார்கள். 1978-இல் மைக்கேல் மார்மட், ரோஸ் உள்ளிட்டவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, இதய நோயால் சாகும் விகிதம் உச்சி அடுக்கைவிடக் கடைசி அடுக்கில் 3.6 மடங்கு. பத்தாண்டுக் கணக்கு 1984-இல் வந்தது: எல்லா நோய்களையும் சேர்த்த மொத்தச் சாவிலும் கடைநிலை ஊழியர்கள் அதிகாரிகளைப்போல மூன்று மடங்கு.

இது ஏழைக்கும் பணக்காரனுக்கும் உள்ள வேறுபாடுதானே என்று தோன்றும். அதுதான் இல்லை. இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. எல்லோருக்கும் நிலையான அரசு வேலை. எல்லோருக்கும் ஒரே இலவச மருத்துவச் சேவை. ஈயத் தூசிலோ சுரங்கத்திலோ வேலை செய்தவர்கள் அல்ல, கோப்புகளுக்கு நடுவே இருந்தவர்கள். மேலும், கடைசிப் படியில் இருந்தவர்கள் மட்டும் சாகவில்லை. உச்சிக்கு ஒரு படி கீழே இருந்த, நல்ல சம்பளம் வாங்கிய ஆட்களும் உச்சியில் இருந்தவர்களைவிட அதிகம் இறந்தார்கள். எழுத்தர் அவர்களைவிட. பியூன் எழுத்தரைவிட. படிக்கட்டு மாதிரி.

அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சொல் நினைவுக்கு வந்தே தீரும்: படிநிலைச் சமத்துவமின்மை. மேலே ஏறுவது மரியாதையாகவும் கீழே இறங்குவது இழிவாகவும் இருக்கும் ஏணி. அந்த ஏணி மனதில் மட்டும் அல்ல, இரத்தக் குழாயிலும் இருக்கிறது என்று லண்டன் இறப்புச் சான்றிதழ்கள் சொல்லிவிட்டன. வைட்ஹால் பதவி அடுக்கும் சாதி அடுக்கும் ஒன்றல்ல என்பது எங்களுக்குத் தெரியும். பியூனின் மகன் அதிகாரி ஆகலாம். ஆனால் யாரும் அவனைத் தீட்டு என்று ஒதுக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட, ஒப்பீட்டளவில் மிதமான ஓர் ஏணியே இவ்வளவு செய்கிறதென்றால் என்பதுதான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

கீழ் அடுக்கில் இருப்பவர்கள் அதிகம் புகை பிடிக்கிறார்கள், அதனால் சாகிறார்கள் என்று ஒரு பதில் உடனே வரும். உண்மையில் அவர்கள் அதிகம் புகைத்தார்கள்தான். ஆனால் புகை பிடிக்காதவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலும் அதே படிக்கட்டு இருந்தது. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சமன்செய்த பிறகும், உச்சிக்கும் அடிக்கும் உள்ள வேறுபாட்டில் பாதிக்கும் குறைவான பகுதிக்கே விளக்கம் கிடைத்தது. மிச்சம்? உயரத்தில் ஒரு தடயம் இருந்தது: கீழ் அடுக்கில் இருந்தவர்கள் சராசரியாகக் குள்ளமாக இருந்தார்கள். அதாவது பிள்ளைப் பருவத்துச் சோறு. பிறகு வந்த இரண்டாவது ஆய்வு வேலையிடத்தைப் பார்க்கச் சொன்னது: தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாத ஆளின் இதயம் சீக்கிரம் கெடுகிறது. கட்டளை இடுபவனின் டென்ஷன் அல்ல, கட்டளைக்குக் கைகட்டி நிற்பவனின் டென்ஷன்.

ரோஸ் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரை எங்களுக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்கிறார். 'இந்த ஆளுக்கு ஏன் இப்போது இந்த நோய் வந்தது?' என்பது ஒன்று. 'இந்தக் கூட்டத்துக்கே ஏன் இந்த நோய் இவ்வளவு அதிகம்?' என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை தேடினால் தனிமனிதனின் பழக்கங்கள் கிடைக்கும். இரண்டாவதற்கு விடை தேடினால் சமூகம் கிடைக்கும். முகாமில் நாங்கள் பிடித்திருந்த பேனா முதல் கேள்வியை மட்டுமே எழுதும் பேனா.

அந்த 19,000 பேரின் கதை அத்தோடு முடியவில்லை. 38 ஆண்டு கழித்து, 2009-இல், கணக்கு மறுபடி வந்தது. 18,863 பேரில் 13,501 பேர் இறந்திருந்தார்கள். 1967-க்கும் 1970-க்கும் இடையில் எடுத்த ஒரே ஒரு பரிசோதனை எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்லியிருக்கிறது என்று பார்த்தார்கள். புகை, உயர் இரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு மூன்றும் இருந்த ஆண்கள் 50 வயதுக்கு மேல் இன்னும் 23.7 ஆண்டு வாழ எதிர்பார்க்கலாம். மூன்றும் இல்லாதவர்கள் 33.3 ஆண்டு. பத்து ஆண்டு வேறுபாடு. பிறகு, இவற்றோடு சர்க்கரை நோய், உடல் பருமன், பதவி அடுக்கு மூன்றையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண்ணில் மிக மோசமான 5 சதவீதத்தினருக்கும் மிக நல்ல 5 சதவீதத்தினருக்கும் இடையே 15 ஆண்டு: 20.2-க்கும் 35.4-க்கும் உள்ள தூரம்.

அந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, அவற்றுக்கு நடுவே 'பதவி அடுக்கு'. மருத்துவர்கள் அதையும் இரத்தப் பரிசோதனை முடிவு போல ஒரு எண்ணாக எழுதியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட எண்கள் ஆட்சியாளர்களுக்கு ருசிக்காது. பிரிட்டன் அரசே சர் டக்ளஸ் பிளாக் தலைமையில் அமைத்த குழு, வர்க்கத்துக்கு வர்க்கம் ஆயுள் எப்படி மாறுகிறது என்று அறிக்கை தந்தது. அது வந்தபோது தாட்சர் ஆட்சி. 1980 ஆகஸ்டில், தொடர் விடுமுறை நாளாகப் பார்த்து, 260 பிரதிகள் மட்டும் எடுத்து வெளியிட்டார்கள். அச்சடிக்கவே இல்லை, பிரதி எடுத்தார்கள். மறைக்க நினைத்ததாலேயே அது புகழ் பெற்றது என்பது வேறு கதை.

ஆனால் சில மருத்துவர்கள் விடவில்லை. ஃபிரேமிங்ஹாம் கணக்கை ஸ்காட்லாந்து ஆட்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஏழைகளிடம், உடலுழைப்புத் தொழிலாளிகளிடம் அது ஆபத்தைக் குறைத்தே காட்டியது. விளைவு என்ன? ஒரே வயது, ஒரே பிரஷர் உள்ள இருவரில், சேரிப்பகுதியில் இருப்பவனுக்கே உண்மையில் ஆபத்து அதிகம். படிவமோ இருவருக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும். எண் எல்லையைத் தாண்டாததால் மாத்திரை கிடைக்காது. 2007-இல் ஸ்காட்லாந்தில் 'அசைன்' என்ற மதிப்பெண்ணும் இங்கிலாந்தில் 'க்யூரிஸ்க்' என்ற மதிப்பெண்ணும் வந்தன. இரண்டிலும், அந்த ஆள் வசிக்கும் பகுதி எவ்வளவு பின்தங்கியது என்பதும் ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டது. அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் போதும். ஏழைத் தெருவில் வாழ்பவனின் எண் சற்றே ஏறும். அதே எண் அவனுக்குச் சிகிச்சையின் கதவைச் சீக்கிரம் திறக்கும்.

இங்கே எங்கள் வாசிப்பு வட்டத்தில் பெரிய சண்டை வந்தது. ஒரு தரப்பு சொன்னது: அப்படியானால் நம் படிவத்திலும் சாதிக்கு ஒரு எண் கொடு. தலித் என்றால் கூடுதலாக ஒன்று, கையால் மலம் அள்ளும் தொழிலில் இருந்த குடும்பம் என்றால் கூடுதலாக இரண்டு. இன்னொரு தரப்பு ஹாஃப்மனை நினைவூட்டியது: 1896-இலும் அதையேதானே செய்தார்கள்? இன்று ஆஸ்பத்திரியில் ஏறும் எண் நாளை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகாது என்று யார் உறுதி தருவது? கொஞ்ச காலத்தில் அது இரத்தத்தின் குணமாக மாறிவிடாதா?

இந்த அச்சம் கற்பனை அல்ல. அமெரிக்காவில் 2013-இல் வந்த இதய நோய்க் கணக்கில் கருப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிச் சூத்திரம் இருந்தது. இனம் என்பது உடலின் கூறு போலவே அதில் உட்கார்ந்திருந்தது. பத்தாண்டு விவாதத்துக்குப் பிறகு, 2023-இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட புதிய கணக்கு இனத்தை எடுத்துவிட்டது. அதற்குப் பதில், விரும்பினால் சேர்த்துக்கொள்ளும்படி, வசிக்கும் பகுதியின் பின்தங்கிய நிலையைக் காட்டும் ஒரு குறியீட்டை வைத்தது. நீ யார் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, உனக்கு என்ன செய்யப்பட்டது என்று கேட்கத் தொடங்கினார்கள் என்று நாங்கள் இதைப் புரிந்துகொள்கிறோம். நூறாண்டுக்கு முன் டூபாய்ஸ் கேட்கச் சொன்ன கேள்வியும் அதுதான்.

எங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம், ஏற்காதவர்கள் எழுதுங்கள். தனிமனிதனின் படிவத்தில் சாதிக்கு எண் கூடாது. அதில் வேண்டியது வேலை: சாக்கடையில் இறங்குகிறாரா, குப்பை எரியும் இடத்தில் நிற்கிறாரா, ஒப்பந்தத் தொழிலாளியா, விடுப்பு உண்டா. இப்போதைய படிவத்திலும் புகை, தூசு உள்ள இடத்தில் வேலையா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆனால் அது நுரையீரல் பகுதியில் தனியாகக் கிடக்கிறது, கூட்டுத்தொகையில் சேர்வதில்லை. அப்புறம் 'அப்பாவுக்கு நோய் இருந்ததா' என்பதற்கு மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும்: பார்க்கவே இல்லை. அதற்குப் பூஜ்யம் போடக் கூடாது.

சாதி இருக்க வேண்டிய இடம் வேறு. சாவுகளை எண்ணும் இடம். வைட்ஹால் கணக்கு சாத்தியமானதற்குக் காரணம் ஒவ்வொரு சாவும் காரணத்தோடு பதிவானது. நம் நாட்டில் பதிவாகும் சாவுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் காரணம் எழுதித் தருகிறார். அதனால் சாதிவாரியாக ஆயுள் எவ்வளவு என்று அறிய, ஆய்வாளர்கள் சுற்றுவழியில் போக வேண்டியிருக்கிறது. சங்கீதா வியாஸ், பாயல் ஹாதி, ஆஷிஷ் குப்தா மூவரும் 2022-இல் அப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்தார்கள். உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், ஒடிசா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் சுமார் 2 கோடிப் பேரை உள்ளடக்கிய அரசின் ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்புத் தரவு அது. உயர்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளின் ஆயுள் எதிர்பார்ப்பு 4 ஆண்டுக்கு மேல் குறைவு. தலித்துகளுடையது 3 ஆண்டுக்கு மேல் குறைவு. முஸ்லிம்களுடையது ஏறத்தாழ 1 ஆண்டு குறைவு. பணம், வீடு, சொத்து இவற்றைச் சமன்செய்து பார்த்தபோது இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவாகவே விளக்க முடிந்தது. வைட்ஹாலில் கேட்ட அதே 'பாதிக்கும் குறைவு'. வசதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்கு அறிவுரை சொல்பவர்களிடம் இந்த எண்ணைக் காட்டலாம். தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. நமக்கான கணக்கை இன்னும் யாராவது போட வேண்டியிருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும் தோழர்களில் புள்ளியியல், பொதுச் சுகாதாரம் எடுத்தவர்கள் இருக்கிறீர்கள்.

1946 ஜூலையில் அம்பேத்கர் டூபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் மக்களின் நிலையும் எங்கள் மக்களின் நிலையும் மிகவும் ஒத்திருக்கிறது, அதனால் உங்களைப் படிப்பது எங்களுக்கு இயல்பு மட்டுமல்ல, தேவையும்கூட என்ற பொருளில். ஐக்கிய நாடுகள் சபையிடம் அமெரிக்கக் கருப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அந்த மாதக் கடைசியிலேயே டூபாய்ஸின் பதில் வந்தது. எண்களைப் பற்றி அந்தக் கடிதங்களில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் ஹாஃப்மனின் அட்டவணைகளை உடைத்தவர், மற்றவர் கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். இருவருக்கும் அட்டவணை வாசிக்கத் தெரியும்.

முகாமுக்குத் திரும்புவோம். அந்த அண்ணனின் கூட்டுத்தொகை 4-ஐத் தாண்டவில்லை. விதிப்படி அவர் பின்வரிசைக்குப் போக வேண்டியவர். ஆனால் அங்கிருந்த செவிலியர் அக்கா எங்கள் தாளைப் பார்க்கவே இல்லை. அவருடைய கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், "இங்க வாங்கண்ணே" என்று முதலில் கூப்பிட்டுப் பட்டையைச் சுற்றினார். எண்ணைப் படித்துவிட்டு, பட்டையை அவிழ்த்து, மறுகையில் சுற்றி இன்னொரு முறை பார்த்தார். பிறகு எங்களிடம் திரும்பி, "இவருக்கு ஒரு சீட்டு எழுதுங்க தம்பி, இன்னைக்கே பெரிய டாக்டர் பாக்கணும்" என்றார்.

சீட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் நாங்கள் எழுதினோம்: தந்தை, அதே வேலை, வேலை நேரத்தில் நெஞ்சுவலி, சுமார் 45 வயது, பரிசோதனை செய்யப்படவில்லை.